இடது காலின் இரண்டு படங்கள்

மார்ச் 4

என் நெட்டைக்கு,

நலமாக இருக்கிறாயா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் கேட்டால் இரண்டுக்கும் சேர்த்து ஒரு 'ம்' வரும். அதனால்தான் எழுதுகிறேன். போனில் நாம் இருவரும் மூன்று நிமிடத்துக்கு மேல் சண்டையில்லாமல் பேசியதே கிடையாது. கடைசியாகப் பேசி எட்டு மாதம் ஆகிறது. கடிதத்தில் சண்டை போட வேண்டுமென்றால் ஸ்டாம்ப் ஒட்டி, படியிறங்கிப் போய்ப் பெட்டியில் போட வேண்டும். அதற்குள் எனக்குக் கோபம் ஆறிவிடும்.

போன மாதத்தோடு ஓய்வு பெற்றுவிட்டேன். முப்பத்தோரு வருடம் அதே எக்ஸ்ரே அறை, ஜன்னல் இல்லாத அதே சுவர். "மூச்சை இழுங்க, அடக்குங்க, அசையாதீங்க... விடலாம்." இதைத் தவிர நான் பிறரிடம் பேசியது குறைவு. பிரிவுபசாரத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். சுவர்க்கடிகாரத்தை வாங்கி வைத்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறார்கள், பாவம். நான் கேமரா என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அந்த இருதயப் பிரிவு டாக்டர் தான் புதிது வாங்கிவிட்டதாகச் சொல்லித் தன் பழைய கேமராவைக் கொடுத்துவிட்டார். கடிகாரமும் வந்துவிட்டது. உன் அப்பா அதை மாட்ட ஆணி தேடிக்கொண்டிருக்கிறார்.

ஏன் கேமரா என்று கேட்பாய். முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில் ஒரு பத்திரிகையைப் புரட்டினேன். நீ. பச்சைக் கோட்டு, நீளப் பாவாடை, ஃபேஷன் ஷோ மேடையில் நடந்து வருகிறாய். "இது என் பொண்ணு" என்றேன். முடி வெட்டுகிறவள் படத்தைப் பார்த்தாள், கண்ணாடியில் என்னைப் பார்த்தாள், "அப்படியா" என்றாள். அந்த 'அப்படியா' எனக்குப் பிடிக்கவில்லை. பாதி வெட்டிய தலையோடு எழுந்து போய்ப் பையிலிருந்து உன் பள்ளிக்கூட அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன். அப்புறம் கடை முழுக்க அந்தப் பத்திரிகை சுற்றி வந்தது. ஈரத்தலையோடு இருந்தவர்களெல்லாம் பார்த்தார்கள். எனக்கு நாற்காலியில் உட்காரவே முடியவில்லை.

ஆனால் ஒன்று. முகம் தெளிவாக இருந்தது. இடது கால் புகை. என் அறையில் அப்படி ஒரு படம் வந்தால் 'பேஷன்ட் அசைந்துவிட்டார், மறுபடி எடுக்கவும்' என்று எழுதித் திருப்பியிருப்பேன். நடக்கிறவர்களை எப்படித் தெளிவாக எடுக்கிறார்கள்? மேடை முனையில் கூட்டமாக நிற்கிறார்களே, அவர்கள் கேமராவில் என்னென்ன அளவு வைக்கிறார்கள்? விசாரித்து எழுது. சிரிக்காதே.

அன்புடன்,
அம்மா

---

மார்ச் 17

அம்மாவுக்கு,

சிரித்தேன். பாதி வெட்டிய தலையை நினைத்து.

பிறகு கோபம் வந்தது. "அந்தக் காலை வச்சுக்கிட்டு நடந்து காட்டுற வேலைக்கா போகப்போற?" என்று போனில் கேட்டவள் நீ. இப்போது அதே கால் தெளிவாக விழவில்லை என்று எழுதுகிறாய். உன் கடிதத்தை இரண்டு நாள் துணிப் பெட்டிக்கு அடியில் போட்டு வைத்திருந்தேன்.

சரி, கேட்டாய், விசாரித்தேன். எங்கள் மேடைகளில் ஒரு புகைப்படக்காரர் உண்டு. எங்கே போனாலும் ஒரு சின்ன மடக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு வருவார், அதன்மேல் ஏறி நின்றுதான் எடுப்பார். எல்லோரும் ஏணி அக்கா என்றே கூப்பிடுகிறோம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஆட்டோவுல, அதான் கேமராவே அளவு வச்சுக்கறதுல, எதையும் விடக் கூடாது. ஷட்டர் வேகம் நொடியில ஐந்நூறுல ஒரு பங்கு, அதுக்குக் கீழே இறங்கினா கால் போயிடும். லென்ஸ் திறக்கிற அளவு, அபர்ச்சர், நாலு. இன்னும் திறந்தா முகம் நிக்கும், செருப்பு நிக்காது. இங்க செருப்பும் விக்கணும். மிச்ச வெளிச்சத்துக்கு ஐ.எஸ்.ஓ.வை ஏத்திக்கச் சொல்லு, ரெண்டாயிரம் வரைக்கும் பயப்பட வேணாம். ஷோ தொடங்கறதுக்கு முன்னாடி ஒருத்தர் மேடையில வெள்ளைக் காகிதத்தைப் பிடிச்சுட்டு நிப்பாரு. அதைப் பார்த்துத்தான் எது வெள்ளைன்னு கேமராவுக்குச் சொல்லிக் கொடுக்கணும். அப்புறம் முக்கியமானது, முன்னால வர்ற கால் தரையில முழுசாப் பதியற அந்த நேரம் அழுத்தணும். கால் தூக்கியிருக்கும்போது எடுத்தா எப்பேர்ப்பட்டவளும் தடுக்கி விழற மாதிரித்தான் தெரிவா."

"யாருக்கு?" என்று கேட்டார். என் அம்மாவுக்கு என்றேன். "என்ன வயசு?" என்றார். அறுபது என்றேன். "முட்டி எப்படி இருக்கு? நாலு மணி நேரம் நிக்கணும்" என்றார். அவ்வளவுதான், வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அப்பாவை விசாரித்ததாகச் சொல்.

நெட்டை

---

ஏப்ரல் 2

என் நெட்டைக்கு,

முட்டி நன்றாக இருக்கிறது என்று உன் ஏணி அக்காவிடம் சொல். ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு முப்பத்தோரு வருடம் நின்ற முட்டி.

அவர் சொன்னதை ஒரு அட்டையில் எழுதிக் கேமராப் பையில் ஒட்டிவிட்டேன். இங்கே மேடைக்கு எங்கே போவது? நம் ஆறாவது மாடி வராந்தாதான் மேடை. உன் அப்பாதான் நீ. லிஃப்ட் இயக்குகிற வேலையில் இருந்தவரை மேலும் கீழுமாகப் போய்வந்த மனிதரை இப்போது முன்னும் பின்னுமாக நடக்க வைக்கிறேன். முனையில் டேபிள் விளக்கை நாற்காலிமேல் வைத்து, நான் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு எடுக்கிறேன்.

"யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்றார்.

"லிஃப்ட் வரலைன்னு நினைப்பாங்க. நடங்க."

முதல் நாள் வெள்ளைப் பனியனில் நடந்தார். கேமராவை ஆட்டோவில் விட்டிருந்தேன், ஆசை யாரை விட்டது. பனியன் அழுக்குச் சாம்பலாக வந்தது. மறுநாள் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்தார். கோட்டும் சாம்பலாக வந்தது, முகம் வெளிறிப் போயிருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. குண்டானவர் வந்தாலும் ஒல்லியானவர் வந்தாலும் யோசிக்காமல் நடுத்தரமாக ஒரு அளவு வைக்கும் புது டெக்னீஷியன்கள் இருப்பார்கள் பார், இந்த ஆட்டோ அந்த ஆசாமி. வெள்ளையையும் நடுத்தரமாக்குகிறது, கறுப்பையும் நடுத்தரமாக்குகிறது. மேடை விளக்கு மாறப்போவதில்லை, மாறுவது துணிதான். ஒருமுறை வெளிச்சத்துக்கு அளவு வைத்துவிட்டு, யார் என்ன உடுத்தி வந்தாலும் தொடக்கூடாது. இதைக் கண்டுபிடித்தபோது நான் கைதட்டிவிட்டேன். எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். உன் அப்பா அவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு நடையை நிறுத்தாமல் போய்க்கொண்டே இருந்தார்.

போன வாரம் தையல் பயிற்சிக் கூடத்தில் மாணவிகளே தைத்ததை மாணவிகளே உடுத்தி நடந்தார்கள். போய் நின்றேன். படங்களின் குறுக்கே வரிவரியாகக் கோடு. மற்றவர்கள் கேமரா கெட்டுவிட்டது என்று பதறினார்கள். எக்ஸ்ரேயில் தகடு ஒழுங்காக உட்காராவிட்டால் இதே மாதிரிக் கோடு விழும், அதனால் நான் பதறவில்லை. விளக்குகள்தான் கண்ணுக்குத் தெரியாமல் விட்டுவிட்டு எரிகின்றன. ஷட்டர் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தேன், கோடு போனது. பக்கத்தில் இருந்த பையன்கள் இரண்டு பேர் என்னிடம் வந்து அளவு கேட்டுக்கொண்டார்கள். நான் சும்மா சொல்லக் கூடாது, காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறைதான்.

ஒரே ஒரு கெட்ட பழக்கம் போகமாட்டேன் என்கிறது. அழுத்தும்போது என் மூச்சு தானாக நின்றுவிடுகிறது. அழுத்தி முடித்ததும் வாய் தானாக "விடலாம்" என்கிறது. தையல் கூடத்தில் ஒரு பெண் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டாள்.

துணிப் பெட்டிக்கு அடியில் வைத்தாலும் என் கடிதத்தைப் படித்தாய். அது போதும்.

அம்மா

---

ஏப்ரல் 20

அம்மாவுக்கு,

அப்பா எதிர்வீட்டுக்காரருக்கு வணக்கம் வைத்த இடத்தை உடை மாற்றும் அறையில் உரக்கப் படித்துக் காட்டினேன். நான்கு பெண்கள் சிரித்துச் சிரித்து முக ஒப்பனை கலைந்து, எனக்குத்தான் திட்டு விழுந்தது. இப்போது எல்லோரும் "வராந்தாவில் என்ன நடக்குது?" என்று கேட்கிறார்கள்.

எனக்குச் செய்தி நல்லதாக இல்லை. இந்த சீசனோடு ஏஜென்சியில் என் ஒப்பந்தம் முடிகிறது. மேலாளர் கூப்பிட்டு உட்கார வைத்தார். மேஜைமேல் என் படங்களைப் பரப்பி வைத்திருந்தார். "உன்னை நேர்ல பார்த்தா எல்லாருக்கும் பிடிக்குது. ஆனா தலையிலருந்து செருப்பு வரைக்கும் ஒரு முழு படம் உருப்படியா இல்லை. துணிக்காரங்க படத்தைப் பார்த்துத்தான் கூப்பிடுறாங்க. நான் எதைக் காட்டறது?" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. சீசனின் கடைசி ஷோ ஜூன் பதினான்கு. அதற்குள் ஒரு படம் வராவிட்டால் நான் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஏணி அக்காவிடம் அழுதேன். அவர் தன் படங்களை எல்லாம் எடுத்து வரிசையாகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "எல்லாரும் பாட்டுத் தாளத்துக்குத்தான் அழுத்துறோம். பொண்ணுங்களும் தாளத்துக்குத்தான் நடக்குறாங்க. உன் வலது கால் தாளத்துல விழுது. இடது கால் ஒரு இம்மி தாமதமா வருது. முதல்ல வெளிப்பக்கம் படுது, அப்புறம்தான் முழுசாப் பதியுது. நாங்க அழுத்தும்போது நீ இன்னும் வந்து சேரலை" என்றார். முன்பெல்லாம் மேடை முனையில் போய் நிற்போம், நிற்கும்போது எடுத்துவிடுவார்கள். இப்போது யாரும் நிற்பதில்லை, நடந்தபடியே திரும்பிவிட வேண்டும்.

எண்ணி எண்ணி நடந்து பார்த்தேன். இடது காலை அவசரப்படுத்தினால் இடுப்பு ஆடுகிறது. கால் முறிந்து போட்ட கட்டைப் பிரித்த மறுநாளே மாடிப்படியில் ஓடினேனே, அதற்குத் தண்டனை. பன்னிரண்டு வயதில் புத்தி இருந்திருந்தால் இருபத்தைந்தில் இந்தப் பாடு இல்லை.

நீ போனில் கேட்டது சரிதான் என்று வைத்துக்கொள். அந்தக் காலை வைத்துக்கொண்டு வந்திருக்கக் கூடாது.

நெட்டை

---

ஏப்ரல் 27

என் கண்ணே,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நான்காவது இது. கிழிக்காமல் இருக்க உன் அப்பாவை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அவருக்கும் நேற்றுத்தான் தெரியும்.

நீ ஓடியதால் ஒன்றும் ஆகவில்லை. நீ ஓடவே இல்லை, நாலு படி வேகமாக இறங்கினாய், அவ்வளவுதான். அதை நான் 'ஓடினாள், ஓடினாள்' என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி உனக்கே அப்படிப் பதிந்துவிட்டது.

பள்ளிக்கூடப் படியில் விழுந்த உன்னைத் தூக்கிக்கொண்டு நம் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தார்கள். சொந்தப் பிள்ளைக்கு நாமே எக்ஸ்ரே எடுக்கக் கூடாது என்பது எங்கள் அறையில் விதி. கை நிலையாக இருக்காது என்பதற்காக. என்னோடு வேலை செய்தவர் டீ குடிக்கப் போயிருந்தார். பத்து நிமிடம் பொறுத்திருந்தால் வந்திருப்பார். நான் பொறுக்கவில்லை. இந்த ஆஸ்பத்திரியில் என்னைவிட நன்றாக எடுக்க யார் இருக்கிறார்கள் என்ற திமிர்.

நேராக ஒன்று எடுத்தேன், நன்றாக வந்தது. காலைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தபோது நீ அலறினாய். பழக்கதோஷத்தில் "மூச்சை அடக்கு" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் போனேன். காலை எடுப்பதற்கு மூச்சை அடக்கவே தேவையில்லை. அங்கே போய் விசையைத் தடவிக்கொண்டு நின்றேன், எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நான் அழுத்திய நேரத்தில் நீ துள்ளினாய்.

டாக்டர் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கணுக்கால் பக்கம் கொஞ்சம் மங்கலா இருக்கே மேடம். இன்னொண்ணு எடுத்துப் பார்க்கலாமா?" என்றார். நான் "போதும் டாக்டர், தெளிவாத்தான் இருக்கு" என்றேன். நீ மறுபடி அலறுவாயே என்றும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பாதிக் காரணம் வேறு. என் படம் மங்கல் என்று என் வாயால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. என் பேச்சை நம்பினார். முழங்காலுக்குக் கீழே இருந்த முறிவைச் சரியாகப் பொருத்திக் கட்டினார்கள். அந்த மங்கலுக்குள் கணுக்காலில் இன்னொரு விரிசல் இருந்திருக்கிறது. அது தன்பாட்டுக்குக் கோணலாகச் சேர்ந்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து வேறு ஒரு படத்தில்தான் கண்டேன்.

ஊரில் யார் யார் எலும்பையோ தெளிவாக எடுத்துக் கொடுத்தேன். என் பெண் காலை மட்டும் கெடுத்தேன். நடந்து காட்டுகிற வேலைக்குப் போகிறேன் என்று நீ சொன்னபோது, நீ எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியும் அந்தப் பிலிமை ஊருக்குத் தூக்கிக் காட்டுவது மாதிரி இருந்தது. அந்த வாய்தான் போனில் அப்படிப் பேசியது. தப்பு உன் காலில் இல்லை. என் படத்தில்.

அந்தப் பிலிமை அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தேன். இத்துடன் அனுப்புகிறேன். மூலையில் 'இடது' என்று இருக்கும், பக்கத்தில் என் பெயரின் முதல் எழுத்து இருக்கும். யார் எடுத்தது என்று அடையாளம் தெரிய அப்படி வைப்போம்.

ஜூன் பதினான்கு நான் வரட்டுமா? அந்தக் கூட்டத்தில் ஒரு ஓரமாக நிற்கிறேன். ஒரே ஒரு தடவை உன் இடது காலைத் தெளிவாக எடுத்துவிட வேண்டும். தாளம் எனக்குத் தேவையில்லை. அந்தக் கால் எப்போது தரையில் பதியும் என்று பதின்மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ கூடத்தில் நடந்தால் நான் அடுப்படியில் இருந்தபடி சொல்வேன்.

வேண்டாம் என்றால் வேண்டாம்.

அம்மா

---

மே 24

அம்மாவுக்கு,

நான்கு வாரம் எழுதவில்லை. வேண்டுமென்றேதான்.

கோபமாக இருக்கிறேனா என்று கேட்டால், ஆமாம். படம் மங்கலாகப் போனதற்கு இல்லை. அது யாருக்கும் ஆகும். 'ஓடினாள்' என்று சொன்னாயே, அதற்கு. பதின்மூன்று வருடமாக அந்த நாலு படியை நினைத்து என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். இதை எழுதாமல் அடுத்த வரிக்குப் போகமுடியாது, அதனால் எழுதிவிட்டேன்.

நீ மறந்துபோன ஒன்று எனக்கு நினைவிருக்கிறது. "மூச்சை அடக்கு" என்று சொன்னாய். "விடலாம்" என்று சொல்லவே இல்லை. நான் அடக்கிக்கொண்டே இருந்தேன். அம்மா சொல்லுவாள், அம்மா சொல்லுவாள் என்று இருந்தேன். முடியாமல்தான் துள்ளினேன். பிறகு நீ ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாய், உன் ஈயக் கவசம் கன்னத்தில் சில்லென்று இருந்தது. அதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. மேடையில் ஏறுவதற்கு முன்னால் திரைக்குப் பின்னால் நிற்கும்போது இன்றைக்கும் மூச்சை அடக்கிக்கொள்கிறேன். திரும்பி உள்ளே வரும்வரை விடுவதில்லை. முகம் கல்லாக இருக்கிறது, அதுதான் உன் பலம் என்று சொல்கிறார்கள். கல் இல்லை, மூச்சுமுட்டல்.

பிலிமை ஏணி அக்காவிடம் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கில் பிடித்துப் பார்த்தார். "எங்க வேலையில தினம் ஐம்பது மங்கல் படம் எடுக்கறோம், எவளும் ஒத்துக்கறதில்லை. உங்க அம்மா ஒண்ணே ஒண்ணை ஒத்துக்கிட்டாங்களே. வரச் சொல்லு" என்றார்.

இத்துடன் நுழைவு அட்டை இருக்கிறது. இடம் ஏணி அக்காவுக்கு வலப்பக்கம். உன் லென்ஸ் எட்டாதாம், அவரிடம் இன்னொன்று இருக்கிறதாம், தருகிறார். நான் பதினேழாவதாக வருவேன். வெள்ளை உடுப்பு, மேலிருந்து கீழ்வரை. ஆட்டோவில் வைத்துவிடாதே.

நெட்டை

---

ஜூன் 15

என் நெட்டைக்கு,

ரயிலில் வரும்போதே மனதுக்குள் எழுதிக்கொண்டு வந்த கடிதம் இது. நேற்றுப் பின்வாசலில் உனக்கு அடுத்த இடத்துக்கு வண்டி காத்துக்கொண்டிருந்தது, எனக்கு ரயில். என்னோடு வந்திருந்த உன் அப்பா கடிகாரம் பார்த்தாராம். நாம் நான்கு நிமிடம் சண்டையில்லாமல் நின்றோமாம். பேசவும் இல்லைதான். ஆனாலும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறார்.

அந்தக் கூட்டத்தைப் பற்றி உனக்குத் தெரியாது, நீ எப்போதும் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிறவள். மூன்று படிக்கட்டு மேடையில் நாற்பது பேர். ஒருவர் முழங்கை இன்னொருவர் காதில். தரையில் அவரவர் இடத்துக்கு டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது. என்னுடையதில் 'எக்ஸ்ரே அம்மா' என்று இருந்தது. ஏணியின் கைவேலை. வேலைக்குச் சேர்ந்த அன்று மேஜையில் என் பெயர்ப் பலகையைப் பார்த்தபோதுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் இல்லை. அந்த டேப்பை உரித்து எடுத்து வந்துவிட்டேன்.

வெள்ளைக் காகிதத்தோடு ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பது பேரும் அவளை எடுத்தோம். பிறகு மேடையோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்த முன்வரிசையைப் பார்த்து எல்லோரும் ஒரே குரலில் "காலை உள்ளே இழுங்க" என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். அதிகாரமாகச் சொல்வதில் எனக்குப் பழக்கம் உண்டு, எனக்கு நேரே இருந்த நாலு பேரும் உடனே இழுத்துக்கொண்டார்கள். ஏணி திரும்பிப் பார்த்து, "இனிமே எல்லா ஷோவுக்கும் வாங்க" என்றார்.

ஐந்நூறில் ஒரு பங்கு. நாலு. இரண்டாயிரம். கையை எடுத்துவிட்டேன். கறுப்பு வந்தது, சிவப்பு வந்தது, பளபளப்பு வந்தது, தொடவில்லை. பதினாறு வரை எண்ணினேன்.

நீ வந்தாய்.

உன் முகத்தைப் பார்க்கவே இல்லை, மன்னித்துக்கொள். கணுக்காலைத்தான் பார்த்தேன். சுற்றிலும் கேமராக்கள் தாளத்துக்குத் தடதடவென்று அடித்தன. வலது, அடித்தன. இடது, அடித்தன. நான் அழுத்தவில்லை. அந்த இம்மி நேரம் பொறுத்தேன். அன்றைக்குப் பத்து நிமிடம் பொறுக்காதவள் இதைப் பொறுத்தேன். வெளிப்பக்கம் பட்டது, உள்ளே சாய்ந்தது, பதிந்தது. அப்போது அழுத்தினேன். ஒரே ஒரு தடவை. வந்துவிட்டது என்று விரலுக்கே தெரிந்தது.

அழுத்தியதும் கேமராவை இறக்கிவிட்டேன், வாய் "விடலாம்" என்றது. எனக்கே சரியாகக் கேட்கவில்லை. உனக்குக் கேட்டிருக்கிறது. பாட்டு அந்த இடத்தில் தணிந்திருக்க வேண்டும். நீ என்னைத் தேடவில்லை, தலையைத் திருப்பவில்லை. உன் மார்பு ஏறி இறங்கியது, வாயோரம் சிரிப்பு வந்தது. மேடையே பளிச்சென்று ஆனது. மற்ற எல்லாக் கேமராவும் அதைப் பிடித்தன. என்னுடையது வயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏணி சொன்னார், "எல்லாருக்கும் கிடைச்சிடுச்சு, உங்களுக்குத்தான் போச்சு." போகட்டும். நான் வந்தது அதற்கு இல்லை.

படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். செருப்பின் வாரில் இருக்கும் தையலை எண்ணலாம். பாவாடையின் மடிப்பு எல்லாம் இறங்கி நிற்கிறது. வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது. நீ விழுகிறவள் மாதிரி இல்லை, இடத்துக்குச் சொந்தக்காரி வந்து நிற்கிற மாதிரி இருக்கிறாய். கீழ் மூலையில் பேனாவால் 'இடது' என்று எழுதி என் எழுத்தைப் போட்டிருக்கிறேன். கை தானாக எழுதிவிட்டது, அழிக்க மனம் வரவில்லை.

ஏஜென்சியில் என்ன சொன்னாலும் எழுது. அவர்கள் வேண்டாம் என்றால் அவர்களுக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று அர்த்தம்.

அம்மா

---

ஜூலை 1

அம்மாவுக்கு,

முதலில் விஷயம். இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அப்பாவிடம் உடனே சொல், பிறகு மீதியைப் படி.

சிரித்த படம் மூன்று பத்திரிகைகளில் வந்துவிட்டது. மேலாளர் அவற்றை முன்னால் வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். "அழகாத்தான் இருக்கு. ஆனா எல்லாரும் முகத்தை மட்டும் எடுத்திருக்காங்க. துணி எங்கே?" என்றார். நான் உன் படத்தை எடுத்து வைத்தேன். அவர் அதைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போனார். "யார் எடுத்தது?" என்றார். என் அம்மா என்றேன். "புகைப்படக்காரரா?" என்றார். எக்ஸ்ரே என்றேன். அந்த மூலையில் இருக்கிற எழுத்தை வெட்டிவிட்டு அச்சுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். கூடாது என்று சொன்னேன். அவர் முன்னால் நான் சொன்ன முதல் 'கூடாது' அதுதான். என் ஆல்பத்தில் முதல் பக்கமே அதுதான் இப்போது, 'இடது' என்ற எழுத்தோடு.

ஏணி அக்கா கூட்டம் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். "நெட்டை வரும்போது தாளத்தை விடுங்க, அவ காலைப் பாருங்க." போன வாரம் சீசனுக்கு வெளியே ஒரு ஷோவில் நடந்தபோது முனையில் எல்லோரும் எனக்காகப் பொறுத்திருந்தது கேட்டது. ஒரு இம்மி அமைதி, அப்புறம் நாற்பதும் சேர்ந்து. என் காலுக்காக ஒரு கூட்டமே காத்திருக்கிறது அம்மா. திரைக்குப் பின்னால் மூச்சை அடக்குவதையும் விட்டுவிட்டேன், பாதி நாளாவது.

'ஓடினாள்' என்றதற்கு இன்னும் கொஞ்சம் கோபம் பாக்கி இருக்கிறது. ஆகஸ்டில் பத்து நாள் வீட்டுக்கு வருகிறேன், நேரில் தீர்த்துக்கொள்ளலாம். அப்பாவோடு வராந்தாவில் நடக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரருக்குச் சொல்லிவை.

என் அறை ஜன்னல் கண்ணாடியில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். காலையில் வெயில் வரும்போது பிலிமில் எலும்பு தெரிகிறது, கணுக்கால் பக்கம் மட்டும் புகை. பக்கத்தில் அதே கால், செருப்போடு. நேற்று ஏணி அக்கா வந்திருந்தார். நல்ல படத்தைப் பாராட்டிவிட்டு, "இந்த மங்கலை எதுக்கு இன்னும் மாட்டி வச்சிருக்க? கழட்டிடேன்" என்றார்.

"அதுவும் எங்க அம்மா எடுத்ததுதான்" என்றேன்.

உன்,
நெட்டை